அன்பு மட்டும் போதுமா?

ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் கரிசல் சீமையில் கேட்கிற முதல் கேள்வி, 'என்ன வியாதி?' என்பதல்ல; 'டாக்டர் யார்?' என்பதும் அல்ல. 'கூட யாரு இருக்கா?' என்பதுதான். இளையரசனேந்தலிலிருந்து ஒருவரைக் கோவில்பட்டிக்கோ, சங்கரன்கோவிலுக்கோ, நிலைமை முற்றிவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே பஸ் ஏறும். தூக்குச் சட்டியில் கஞ்சி, பிளாஸ்க்கில் காப்பி, மாற்றுச் சேலை, பாய், முந்தானையில் முடிந்த சங்கரன்கோவில் புற்றுமண். கட்டிலில் படுத்திருப்பவர் ஒருவர். கட்டிலுக்கு அடியிலும் வராந்தாவிலும் படுத்திருப்பவர்கள் நாலு பேர்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நோயில் மனிதன் முதலில் பயப்படுவது வலிக்கு அல்ல, தனிமைக்கு. இருட்டில் கண் விழித்தால் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசைதான். அந்த ஆசையை நிறைவேற்றி வைக்கிற சமூகம் நல்ல சமூகம். ஆனாலும் ஒரு கேள்வி என்னை வெகு நாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. இத்தனை பேருடைய அன்பு அந்த நோயாளிக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது? உதவாமல் போகிற இடமும் உண்டா? அன்பே அவரைக் கொன்றுவிடக்கூடிய இடமும் உண்டா?

உண்டு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் ஆபரேஷன். இரவு முழுவதும் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். விடிந்ததும் தாயாருக்கு மனம் கேட்கவில்லை. "பிள்ளை வாடிப் போச்சே! ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சாத்தானே தெம்பா இருக்கும்?" என்று யாரும் பார்க்காத சமயத்தில் அரை டம்ளர் கொடுத்துவிடுகிறாள். நர்ஸ் வந்து கேட்டால், "ஒண்ணும் குடுக்கலை, தாயி" என்று பிள்ளைக்காகப் பொய்யும் சொல்கிறாள். பால் சேர்ந்த காப்பி இரைப்பையை விட்டு இறங்க ஆறு மணி நேரம் வேண்டும் என்பது மயக்க மருந்து வைத்தியர்களின் கணக்கு. மயக்கத்தில் இருமலும் இல்லை, விழுங்கும் உணர்ச்சியும் இல்லை. வயிற்றில் கிடப்பது மேலேறி மூச்சுக் குழாயில் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். அந்த அரை டம்ளரை ஊற்றிய கையில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. முதுகுத் தண்டில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கிறது. பாதம் சில்லென்று இருப்பதைப் பார்த்த மகள், வெந்நீர்ப் புட்டியைக் கொண்டுவந்து காலடியில் வைக்கிறாள். மரத்த கால் சூட்டை அறியாது. உணர்ச்சி திரும்பும்போது குதிகால் கொப்புளித்திருக்கும். மறுநாள் நர்ஸ் வந்து, "எழுந்து உட்காருங்கள், நாலு அடி நடக்க வேண்டும், நன்றாக மூச்சை இழுத்து இருமுங்கள்" என்கிறாள். குடும்பம் கொதிக்கிறது. தையல் போட்ட வயிற்றோடு நடக்கச் சொல்கிறாளே, இவள் நெஞ்சு கல்லா? ஆனால் அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் ஒரு நிமிஷத்தில் பிராணன் போகும். ஆழ்ந்து மூச்சு விடாத நெஞ்சில் சளி தங்கி ஜுரம் வரும். 'படுத்திரு, ராசா' என்று உறவு சொல்கிறது. 'எழுந்திரு' என்று நர்ஸ் சொல்கிறாள். நோயாளியின் பக்கம் நிற்பது இருவரில் யார்?

இந்த விஷயத்தில் நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்லுகிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவன். ஆயிரக்கணக்கான ரூபாய் செலவழித்து வைத்தியனைப் பிடிக்கிறோம், மருந்தை வாங்குகிறோம். பக்கத்தில் நிற்பவனை அவ்விரண்டுக்கும் சமமாக எண்ணியிருக்கிறார் வள்ளுவர்.

சுமார் எழுநூறு வருஷங்களுக்கு முன் அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி மேலே போனார். நான்கு உறுப்புகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணம் வகுத்தார். பணிவிடை செய்பவனுக்கு அவர் சொல்லும் நான்கும் இவை: நோயாளியிடம் அன்பு வேண்டும், மனமும் மொழியும் உடம்பும் சுத்தமாக இருக்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடியே செய்து முடிக்கும் திறமை வேண்டும், அறிவு வேண்டும். அன்பு முதலில் வருகிறது. ஆனால் அன்பு நாலில் ஒன்றுதான். இன்றைக்கு நர்சிங் பள்ளிகளில் தடித்த புஸ்தகங்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற பாடத்துக்கு இதைவிடச் சுருக்கமான முன்னுரை கிடைக்காது.

மற்ற மூன்றையும் பார்ப்போம்.

சுத்தம் என்றதும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயர் நினைவுக்கு வரும். கையில் விளக்கோடு இரவில் வார்டு வார்டாகச் சுற்றிவந்த கருணாமூர்த்தி என்றே அவரைப் படங்களில் பார்த்திருக்கிறோம். ஆனால் சரித்திரம் சொல்லும் செய்தி படத்தைவிடக் கடுமையானது. கிரிமியா யுத்தத்தின்போது 1854 நவம்பரில் அவர் ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரும் அவருடைய தோழிகளும் ஓய்வில்லாமல் உழைத்தார்கள். அப்படியும் சிப்பாய்கள் சாவது குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சாவு உச்சத்துக்குப் போயிற்று. காயத்தைவிடப் பேதியும் விஷஜுரமுமே அதிகம் பேரைக் கொண்டுபோயின. மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைக் கழுவி, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சரிப்படுத்திய பிறகுதான் சாவு மளமளவென்று இறங்கிற்று. ஊருக்குத் திரும்பிய அம்மையார் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். விளக்கு தூக்கிய கை சாதிக்காததைச் சாக்கடை கழுவிய தண்ணீர் சாதித்தது என்பதைத் தம் கணக்கிலிருந்தே கண்டுகொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் உலகத்துக்குச் சொன்னது பெரும்பாலும் காற்றையும் தண்ணீரையும் சுத்தத்தையும் பற்றித்தான். அவரை நான் வணங்குவது விளக்குக்காக அல்ல, அந்தக் கணக்கை மறைக்காமல் ஏற்றுக்கொண்டதற்காக.

மொழியின் சுத்தமும் உண்டு. நோயாளியின் உடம்பில் கண்டதை வராந்தாவில் பேசாத வாய் அது. ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றி அவளுடைய மாமியாருக்கும் நாத்தனாருக்கும் முன்னால் உரக்கப் படிக்காத வாய். நம்முடைய அன்புக் கூட்டத்தில் இந்தச் சுத்தம் அபூர்வம்.

அடுத்தது, சொன்னதைச் சொன்னபடி செய்வது. இது அடிமைப் புத்தி போலத் தோன்றலாம். ஒரு சின்ன உதாரணம் சொல்லுகிறேன். எங்கள் பக்கத்தில் அம்மனின் பெயர் கோமதி, சுவாமியின் பெயர் சங்கரநாராயணன். ஆகையால் தெருவுக்கு நாலு கோமதி, மூன்று சங்கரநாராயணன். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு கோமதியம்மாள் படுத்திருப்பது ஆச்சரியமே அல்ல. ஒருத்திக்குச் சர்க்கரை வியாதி, மற்றவளுக்கு இல்லை. இன்சுலின் ஊசி கட்டில் மாறிப் போனால் என்ன ஆகும்? நன்றாக இருந்தவள் வியர்த்து, மயங்கி, நினைவு திரும்பாமலே போய்விடக்கூடும்.

அதனால் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒவ்வொரு தடவையும் ஐந்து விஷயங்களைச் சரிபார்க்கிறாள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். "பாட்டி, உங்க பேரைச் சொல்லுங்க" என்கிறாள். "ஏன் தாயி, காலையிலதானே சொன்னேன்? அதுக்குள்ளே மறந்துட்டியா?" என்று பாட்டிக்குச் சிரிப்பு. "மறக்கலை பாட்டி, மறுபடியும் சொல்லுங்க" என்று நர்ஸ் விடுவதில்லை. பெயர் போதாது என்று சீட்டில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்கிறாள். கட்டில் எண்ணை அவள் நம்புவதில்லை. நோயாளிகள் கட்டில் மாறிப் படுப்பார்கள். "நீங்கதானே கோமதி?" என்று கேட்பதும் தவறு என்பது அவள் படித்த பாடம். அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்பார். பெயர் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

தெரிந்த மனுஷியிடம் தினம் நாலு தடவை பெயர் கேட்பது மரியாதைக் குறைவு என்று நமக்குப் படும். உண்மையில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. 'ஆயிரம் கோமதிகளில் நீ ஒருத்திதான் இந்தக் கோமதி. உனக்கு உரியது உனக்கே வர வேண்டும்' என்று சொல்லாமல் சொல்லுகிற வார்த்தை அது.

இப்படிக் கேட்பதனால் ஆவதென்ன என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2008ல் ஆபரேஷன் அறைகளுக்காக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம், அவருக்கு ஒவ்வாத மருந்து எது, உள்ளே வைத்த பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியாகத் திரும்பி வந்ததா என்று எல்லாரும் கூடி வாய்விட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். தில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2009ல் வெளியிட்டார்கள். சாவு நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து முக்காலுக்குச் சற்று மேலாக இறங்கியிருந்தது. புதிய மருந்து ஏதும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் அறிவு. சொன்னபடி செய் என்று சொன்ன பரிமேலழகர், அதற்கு அடுத்தாற்போலவே அறிவையும் வைத்தது யோசிக்கத்தக்கது. டாக்டர் அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு எழுதினால் மருந்து பத்து மடங்காகிவிடும். அங்கே சொன்னபடி செய்பவள் கொலைக்கு உடந்தை. "டாக்டர், இந்த அளவு சரிதானா?" என்று அந்த இடத்தில் நின்று கேட்பவளே நர்ஸ். பெரிய மனிதர் முகம் சுளிப்பாரே என்ற பயத்தை அவள் விழுங்க வேண்டும். நம் நாட்டில் அது லேசான காரியம் அல்ல.

இரவு இரண்டு மணி. ஆபரேஷன் ஆனவர் சத்தம் போடாமல் கிடக்கிறார். "இப்பத்தான் தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்கிறாள் மனைவி. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு முன் எண்பது. இப்போது நூற்றுப் பத்து. தோல் சில்லிட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அந்த நாடி சொல்லுகிறது. மனைவி பார்த்ததும் அதே முகத்தைத்தான். அவள் கண்டது தூக்கம். நர்ஸ் கண்டது ஆபத்து. முப்பது வருஷத் தாம்பத்தியம் அறியாததை மூன்று வருஷப் படிப்பு அறிந்தது.

'அப்படியானால் அன்பு எதற்கு? சட்டத்தையும் சீட்டையும் வைத்துக்கொண்டே வைத்தியம் பார்த்துவிடலாமே!' என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நாடியைத் தொடாமலே நாடிக் கணக்கு எழுதுகிற கையும் உலகத்தில் இருக்கிறது. திருப்பிப் படுக்க வைக்காமலே திருப்பியதாக எழுதலாம். சீட்டு சுத்தமாக இருக்கும். நோயாளியின் முதுகு அழுகிக்கொண்டிருக்கும். ஒழுங்குமுறை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. மேலதிகாரி இல்லாத பின்னிரவில், நோயாளிக்கும் நினைவு இல்லாதபோது, எழுதியதைச் செய்ததாகவே ஆக்குவது எது? அங்கேதான் பரிமேலழகர் முதலில் வைத்த அந்தக் கால் பங்கு வேலை செய்கிறது.

இதற்கு நம் காலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அருணா ஷான்பாக் என்ற பெண் பம்பாயில் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பரில், ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பாதகனால் தாக்கப்பட்டு, கழுத்து நெரிபட்டு, மூளைக்கு ரத்தம் தடைப்பட்டதால் பேச்சும் நினைவும் இழந்தார். 2015 மே 18ஆம் தேதி நிமோனியா கண்டு இறக்கும்வரை, ஏறக்குறைய 42 வருஷம், அதே ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தார். அவரை அமைதியாகச் சாக விட வேண்டும் என்று ஒரு எழுத்தாளர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கூடாது என்று நர்ஸ்கள் நின்றார்கள். 2011 மார்ச்சில் கோர்ட்டு மனுவைத் தள்ளியது. அவர் சார்பில் பேசும் உரிமை அவரைப் பராமரித்து வந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே உண்டு என்றது. அப்படி ஒரு உயிரை நீட்டிக்கலாமா என்பது பெரிய தர்மசங்கடம். நல்லவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அதை நான் இங்கே தீர்த்துவைக்கப் போவதில்லை. என்னை உலுக்கியது தீர்ப்பில் பதிவாகியிருந்த வேறு ஒரு சின்ன விஷயம். அத்தனை வருஷமாகப் படுத்தே கிடந்த அந்த உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை.

இதன் கனம் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். எலும்பு மெத்தையில் அழுந்தும் இடத்தில், இடுப்பிலும் முதுகின் அடியிலும் குதிகாலிலும், ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்திலேயே தோல் சாகத் தொடங்கும். அதைத் தடுக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். விரிப்பில் சுருக்கம் கூடாது, ஈரம் கூடாது, வயிறும் வாடக் கூடாது. நாளுக்குப் பன்னிரண்டு தடவை என்றால் நாற்பது வருஷத்துக்கு எத்தனை தடவை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டும். பிரசவித்த தாயின் கையாலும் ஆகாத காரியம். எந்தத் தாயும் அத்தனை காலம் விழித்திருக்க முடியாது.

செய்தது யார்? அருணாவோடு சேர்ந்து வேலை பார்த்தவர்கள் வயதாகி ஓய்வு பெற்றுப் போனார்கள். பின்னால் வந்த பெண்களில் பலர் 1973ல் பிறக்கக்கூட இல்லை. அருணா சிரித்து அவர்கள் பார்த்ததில்லை, பேசிக் கேட்டதில்லை. மூத்தவள் ஒருத்தி, 'இவள் நம்மவள்; இந்த நேரத்துக்குத் திருப்ப வேண்டும், இப்படிக் கழுவ வேண்டும், இந்த அளவு ஊட்ட வேண்டும்' என்று இளையவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். என் மனத்தில் இருக்கும் பாசத்தை உங்கள் மனத்துக்கு நான் மாற்றிக் கொடுக்க முடியாது. அது என்னோடு தூங்கும், என்னோடு போகும். ஆனால் அந்தப் பாசம் என்ன செய்யச் சொல்லுகிறதோ அதை வேளையாகவும் முறையாகவும் எழுதி அடுத்தவர் கையில் கொடுக்கலாம். நர்ஸின் ஒழுங்குமுறை என்று நாம் அலுத்துக்கொள்வது வேறொன்றும் இல்லை. கைமாற்றிக் கொடுப்பதற்குத் தோதாக்கப்பட்ட அன்புதான் அது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டால் நமக்கும் ஒரு கடன் வந்து சேர்கிறது. 2002ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேருந்தோறும், ஆபரேஷன் ஆனவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறதாம். ஐம்பது பேர் கிடக்கும் வார்டில் ஒருத்தியை நிறுத்திவிட்டு, 'ஏன் பெயர் கேட்கவில்லை? ஏன் திருப்பவில்லை?' என்று கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? அங்கே நடக்கும் தவறில் அவள் கை பட்டிருக்கலாம். பாவம் அவளோடு நின்றுவிடாது. ஆள் வைக்காத நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு, மலிவான சேவையைக் கேட்கும் நமக்கும் பங்கு உண்டு.

சம்பளம் இருக்கட்டும், மதிப்பாவது கொடுத்தோமா? பிறர் உடம்பைத் தொட்டுக் கழுவும் வேலை என்று இதை இளக்காரமாகப் பார்த்தவர்கள்தான் நாம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ல் வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1946ல் அங்கே அது பட்டப் படிப்பாகவும் ஆயிற்று. அதற்குப் பிறகும் பெண் கேட்டு வருகிறவர்கள் 'நர்ஸ் வேலையா? ராத்திரி வேலையா?' என்று இழுத்த காலம் வெகு தூரத்தில் இல்லை. இன்று எங்கள் கரிசல் கிராமங்களிலிருந்து, தாய் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிச் சேர்த்த பணத்தில், பெண்கள் நர்சிங் படிக்கப் போகிறார்கள், பையன்களும் போகிறார்கள். அவர்கள் திரும்பி வந்து கட்டிலருகே நிற்கும்போது, 'ஏம்மா, கொஞ்சம் இரக்கம் இல்லையா?' என்று நாம் கேட்கிறோம். அந்த நிமிஷத்தில் அவள் பத்து உயிருக்கு இரக்கத்தை நிமிஷக் கணக்கில் பங்கிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

தமிழ் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த பெயரை நினைத்தால் எனக்கு ஒரு நிறைவு. பழைய இலக்கியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். இன்று நர்ஸுக்கு நாம் வழங்கும் சொல் செவிலியர். நற்றாய்க்கு அன்பு ரத்தத்தில் வருகிறது. அதற்காக அவள் பாடுபட வேண்டியதில்லை. செவிலி, தன் வயிற்றில் பிறக்காத குழந்தைக்குப் பசி எப்போது, தூக்கம் எப்போது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நற்றாயும் இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும். காப்பி கொடுக்கலாமா என்பதை மட்டும் செவிலியைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.